விமர்சகரின் அறையும் உங்கள் ஹாலும்

ஒரே சவுண்ட்பாருக்கு ஒரு பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கும். இன்னொன்று, வசனம் தெளிவாக இல்லை என்று சொல்லி மூன்றோடு நிறுத்தியிருக்கும். வாங்கப் போகிறவருக்குத் தலை சுற்றும். இருவரில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டத் தோன்றும். பெரும்பாலும் இருவருமே கேட்டதைத்தான் எழுதியிருப்பார்கள்.

ஒரு கருவி, ஓர் அறை, ஒரு ஜோடிக் காது, ஒரு விலை ஆகிய நான்கும் சந்தித்த இடத்தில் என்ன நடந்தது என்ற குறிப்புதான் விமர்சனம். இந்த நான்கில் கருவி மட்டுமே உங்கள் வீட்டுக்கு வரப்போகிறது. மற்ற மூன்றும் விமர்சகரிடமே தங்கிவிடும். எனவே விமர்சனத்தின் எந்த வரி உங்கள் ஹால் வரை வரும், எந்த வரி வாசலிலேயே நின்றுவிடும் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். குறைந்த விலை என்று இங்கே நான் சொல்வது, சுமார் 15,000 ரூபாய் சவுண்ட்பாரிலிருந்து 80,000 ரூபாய்க்குள் அடங்கும் ரிசீவர், ஸ்பீக்கர், சப்வூஃபர் செட் வரை.

கருவி யார் கொடுத்தது?

முதலில் பார்க்க வேண்டியது, கருவி விமர்சகர் கைக்கு எப்படி வந்தது என்பது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936-இல் தொடங்கிய காலத்திலிருந்து விளம்பரமே வாங்குவதில்லை; சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது. கனடாவின் ஆர்டிங்ஸும் சொந்தச் செலவில் வாங்கித்தான் சோதிக்கிறது. மற்றவர்களில் பலருக்குக் கம்பெனியே கருவியைக் கடனாக அனுப்பும். சில வாரம் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

கடனாக வந்தது என்பதாலேயே விமர்சனம் கெட்டுவிடாது. ஆனால் அனுப்பும் கம்பெனி நல்ல பீஸாகப் பார்த்துத்தான் அனுப்பும். கேட்ட மாத்திரத்தில் சரியில்லை என்று தெரிந்த கருவியைப் பற்றிப் பல இதழ்கள் எழுதுவதே இல்லை. இருக்கும் பக்கத்தில் நல்லதைப் பற்றி எழுதுவோம் என்று விட்டுவிடுவார்கள். அச்சுக்கு வருவது ஏற்கெனவே சலித்து வந்தது. அதனால், விளம்பரம் வாங்கும் இதழில் நான்கு நட்சத்திரம் என்றால் நான் அதைச் சராசரி என்றே எடுத்துக்கொள்வேன்.

இந்தத் தகராறு பழையது. ஹை ஃபிடெலிட்டி இதழில் வேலை பார்த்த ஜே. கார்டன் ஹோல்ட், விளம்பரதாரர் மனம் கோணாமல் எழுத வேண்டிய நிலை பிடிக்காமல் 1962-இல் ஸ்டீரியோஃபைல் என்ற இதழைத் தொடங்கினார். இன்று அதே ஸ்டீரியோஃபைலில் விளம்பரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் விமர்சனத்தின் பின்னாலேயே அளவீடுகளையும் அச்சிடும் வழக்கத்தை அது விடவில்லை. எழுத்தாளர் புகழ்ந்து தள்ளிய ஸ்பீக்கரின் வரைபடம் அடுத்த பக்கத்தில் வேறு கதை சொல்வதும் உண்டு. விளம்பரம் இருக்கிறதா என்பதைவிட, வாசகர் சரிபார்க்க ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்பதே எனக்கு முக்கியம்.

நம் ஊர் வீடியோ விமர்சகர்களுக்கும் சட்டம் உண்டு. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதைப் பளிச்சென்று தெரியும்படி, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் சொல்லியாக வேண்டும். பத்து நிமிடம் தமிழில் பேசிவிட்டு அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டால் போதாது.

குறைகளின் பட்டியலையும் பாருங்கள். ரிமோட் சின்னதாக இருக்கிறது, கறுப்பு நிறம் மட்டுமே கிடைக்கிறது என்பது போன்ற குறைகளோடு முடிந்துவிட்டால், அவர் கேட்காமலே எழுதியிருக்கலாம், அல்லது கேட்டதைச் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். எந்தப் படம், எந்தக் காட்சி, வால்யூம் எவ்வளவு வைத்தபோது எது உறுமியது என்று சொல்பவர் உட்கார்ந்து கேட்டவர்.

காதுக்கு முன் கண்

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்தவர் ஃபிளாய்ட் டூல். பின்னர் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரும் ஷான் ஆலிவும் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கேட்டவர்கள் 40 பேர், எல்லாரும் அதே நிறுவனத்து ஊழியர்கள். நான்கு ஸ்பீக்கர்களை ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்துவைத்தும், ஒருமுறை கண்ணெதிரே வைத்தும் கேட்கவிட்டார்கள். மறைத்துவைத்தபோது மதிப்பாகவே தேறிய சின்ன, விலை குறைந்த சப்வூஃபர்-சாட்டிலைட் செட், கண்ணில் பட்டதும் சரிந்தது. பெரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் தெரிந்த சொந்தக் கம்பெனி ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது. ஒலியில் எந்த மாற்றமும் இல்லை.

குறைந்த விலைக் கருவி வாங்குகிறவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஏறக்குறைய எல்லா விமர்சகர்களும் கருவியைப் பார்த்துக்கொண்டே, அதன் விலையைத் தெரிந்துகொண்டே கேட்கிறார்கள். பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்த கண், ஒலியும் மெலிந்திருக்கும் என்று காதுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எதிர்ப்பக்கமும் நடக்கும். ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற வடிவமைப்பாளர் டாட் நிறுவனத்துக்குப் பல்லாயிரம் டாலர் ஸ்பீக்கர்களை வடிவமைத்தவர். அவரே பயனியருக்காக எஸ்பி-பிஎஸ்22 என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தார். அமெரிக்காவில் ஜோடி 130 டாலர் அளவில் விற்றது. கோடீஸ்வரர் வீட்டு ஸ்பீக்கர் செய்த கை ஏழைக்கும் செய்தது என்ற கதையை எந்த எழுத்தாளர்தான் விடுவார்? அந்த ஸ்பீக்கர் அளவீட்டிலும் தேறியது என்பது வேறு விஷயம். கதை சுவையாக இருக்கிறதே என்று தோன்றும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள்.

ஒப்பீடு என்று வரும்போது ஒரு கேள்வி: இரண்டு கருவிகளையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டாரா? ஒன்று ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும், சத்தம் கூடியிருக்கிறது என்று நமக்குத் தோன்றாது. தெளிவு கூடியிருக்கிறது என்றுதான் தோன்றும். ஷோரூம்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சத்தத்தை அளந்து சமன்செய்தேன் என்று எழுதும் விமர்சகரின் ஒப்பீட்டுக்கு நான் இரட்டை மதிப்புக் கொடுப்பேன்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும், விமர்சனத்தையே எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆலிவ் 2003-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள், ஸ்பீக்கர் விற்பவர்கள், பத்திரிகை விமர்சகர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்களைக் கண்ணுக்கு மறைத்துக் கேட்கவைத்தார். மதிப்பெண் போடும் விதத்தில் வேறுபாடு இருந்தது. எது முதல், எது கடைசி என்ற வரிசை மட்டும் எல்லாக் குழுவிலும் ஒத்துப்போனது. நாம் நினைப்பதைவிட நம் காதுகள் ஒன்றுபோலவே இருக்கின்றன.

பத்துக்குப் பத்து அறை

அமெரிக்க, கனடிய விமர்சகர்களின் வீடுகளில் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. தரையில் கார்ப்பெட், ஓரத்தில் மெத்தைச் சோபா. பலகைச் சுவர் லேசாக அதிர்ந்து கீழ் அதிர்வெண்களைக் கொஞ்சம் விழுங்கும். கார்ப்பெட் மேல் அதிர்வெண்களை விழுங்கும். நம் வீட்டில் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. பேஸ் வெளியேறவும் வழியில்லை, ட்ரெபிள் அடங்கவும் வழியில்லை. அங்கே “துடிப்பாக, பளிச்சென்று” ஒலித்த ஸ்பீக்கர் இங்கே காதைக் கிழிக்கலாம். “சற்று மந்தம்” என்று அவர் குறை சொன்ன ஸ்பீக்கர் உங்கள் டைல்ஸ் ஹாலுக்குத் தோதாகவும் அமையலாம்.

பேஸில் இது இன்னும் கூர்மை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி அலை போய்வந்து, அறையின் நீளத்துக்கேற்ற சில அதிர்வெண்களில் வீங்கும். கணக்கு எளிது: ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 10 அடி என்றால் சுமார் 56 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 18 அடிக்கு 31. பத்துக்குப் பத்து அறையில், கூரையும் 10 அடி உயரம் என்றால், நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே 56 ஹெர்ட்ஸில் வந்து விழும். எந்த சப்வூஃபரைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒரே சுரத்தில் ‘தொம் தொம்’ என்றுதான் கேட்கும். வாங்கியவர் சப்வூஃபரைத் திட்டுவார், புகழ்ந்து எழுதிய விமர்சகரையும் சேர்த்துத் திட்டுவார். வீட்டில் 12-க்கு 18 ஹால் இருந்தால் செட்டை அங்கே மாற்றிப் பாருங்கள். புதிய சப்வூஃபர் வாங்குவதைவிட அது பலன் தரும்.

சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன கேட்கிறது என்பதை அறைதான் பெரிதும் முடிவுசெய்கிறது. ஆகவே பேஸைப் பற்றிய புகழ்ச்சியும் இகழ்ச்சியும் வாசலில் நின்றுவிடும் வரிகள். அதில் வீட்டுக்குள் வருவது ஒன்றே: எவ்வளவு கீழ்வரை, எவ்வளவு சத்தமாக, கரகரப்பில்லாமல் அந்த சப்வூஃபரால் இறங்க முடிகிறது என்ற அளவீடு. அதிலும் 30 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் எத்தனை டெசிபல் சரிவில் என்று பாருங்கள். 3 டெசிபல் சரிவில் 30 என்பதும், 10 டெசிபல் சரிவில் 30 என்பதும் ஒன்றல்ல. சரிவைச் சொல்லாத எண்ணை விட்டுவிடலாம்.

விமர்சகர் ஸ்பீக்கரை எங்கே வைத்தார் என்ற வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்டாண்டில், சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைத்துக் கேட்டுவிட்டு, “பேஸ் போதவில்லை” என்று எழுதியிருப்பார். நம் வீட்டில் அதே ஸ்பீக்கர் ஷோகேஸில், டிவிக்குப் பக்கத்தில், முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டு உட்காரப்போகிறது. சுவரும் அலமாரியும் பேஸைத் தூக்கிவிடும். அவருக்குப் போதாதது உங்களுக்குச் சரியாக இருக்கும். அவருக்கு நிறைவாக இருந்தது உங்களுக்குக் குடைச்சலாக மாறும். காற்றுத் துளை பின்பக்கம் உள்ளதா, முன்பக்கம் உள்ளதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் காட்டும் அட்மாஸ் சவுண்ட்பாரில் மேல்நோக்கிய ஸ்பீக்கர் ஒலியைக் கூரையில் அடித்துத் திருப்புகிறது. கூரை தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். 14 அடிக்கு மேல் போகக் கூடாது. கான்கிரீட் தளம் இதற்கு அருமை, இந்த ஒரு விஷயத்தில் நம் வீடு ஜெயிக்கும். ஓட்டுச் சாய்ப்பு வீட்டில், மரக்கட்டைகள் தெரியும் மெட்ராஸ் டெரஸில், ஒலியை உறிஞ்சும் ஃபால்ஸ் சீலிங்கில் அந்தக் காசு வீண். மழை தலைக்கு மேலே பெய்வதுபோல் கேட்டது என்று விமர்சகர் எழுதினால், அவர் கூரை என்ன கூரை என்று கேளுங்கள்.

வாட்ஸ் வேட்டை

1990-களில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்குப் பிஎம்பிஓ என்ற வாட்ஸ் கணக்கு நினைவிருக்கும். உள்ளங்கை அகல ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் 1000 வாட்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்துகள் இன்று காணாமல் போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை. சவுண்ட்பாரின் 600 வாட்ஸ் என்பது பெரும்பாலும் எல்லாச் சேனலையும் கூட்டி, ஒரே ஒரு 1000 ஹெர்ட்ஸ் சுரத்தில், 10 சதவீதச் சிதைவை அனுமதித்து வந்த எண். 10 சதவீதம் என்பது ஆம்ப் திணறி ஒலி கிழியத் தொடங்கிய நிலை. ரிசீவரில் இதே வித்தை வேறு உருவில் வரும். ஒரு சேனல் மட்டும் ஓடும்போது, 6 ஓமில் 140 வாட்ஸ் என்று முகப்பில் போடுவார்கள். இரண்டு சேனல் ஓடும்போது, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை 75 வாட்ஸ் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஐந்தும் சேர்ந்து ஓடினால் இன்னும் இறங்கும். காரின் விளம்பர மைலேஜுக்கும் நகர நெரிசலில் கிடைக்கும் மைலேஜுக்கும் உள்ள தூரம்தான் இது.

இந்த விளையாட்டை அடக்க அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-லேயே விதி போட்டது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், சிதைவு 1 சதவீதத்துக்குள் என்று அளவுகோலை ஒரே மாதிரி ஆக்கியது. நல்ல விமர்சகர் கம்பெனி எண்ணை அப்படியே எழுதாமல் தாமே அளந்து, இரண்டு சேனலில் இவ்வளவு, ஐந்து சேனலில் இவ்வளவு என்று தருவார். பெட்டியில் இருந்ததை விமர்சனத்திலும் பார்த்தால் அவர் மீட்டரைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கருவியின் பின்பக்க லேபிளையும் படியுங்கள். அதிலுள்ளது சராசரி மின்செலவு. நொடிப்பொழுது உச்சம் அதைத் தாண்டத்தான் செய்யும். ஆனால் லேபிள் 60 வாட்ஸ் என்கிறது, முகப்பு 1000 என்கிறது என்றால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனைக்கும் வாட்ஸ் இவ்வளவு கவலைக்கு உரியதல்ல. 50 வாட்ஸிலிருந்து 100-க்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்குச் சற்றே கூடியதுபோல் இருக்கும். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண் அதைவிடப் பேசும். ஒரே பவரில் ஒரு மீட்டர் தூரத்தில் 84 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கும் 90 தரும் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்ப் வழியாக ஈடுகட்ட 4 மடங்கு பவர் வேண்டும். குறைந்த விலை ரிசீவர் வாங்குகிறவர் விமர்சனத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். அதுவும் விமர்சகர் அளந்த எண்ணாக இருக்கட்டும். கம்பெனிகள் இதிலும் சில டெசிபல் தாராளம் காட்டுவது உண்டு.

பத்தடி வயலின்

ஒலியைச் சொல்லில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. 1970-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் போஸ் 901 ஸ்பீக்கரை விமர்சித்தது. வயலின் 10 அடி அகலத்துக்குத் தெரிகிறது, பியானோ சுவருக்குச் சுவர் நீள்கிறது, வாத்தியங்கள் அறையைச் சுற்றி அலைகின்றன என்று எழுதியது. போஸ் வழக்குப் போட்டது. கேட்டு எழுதிய பொறியாளர் சாட்சிக் கூண்டில், ஒலி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுவரோரமாகத்தான் நகர்ந்தது என்று ஒப்புக்கொண்டார். கீழ்நீதிமன்றம் போஸ் பக்கம் சாய்ந்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம், பொய்யென்று அறிந்தே எழுதியதாகக் காட்டப்படவில்லை என்று பத்திரிகையை விடுவித்தது. துல்லியத்துக்குப் பேர்போன இதழின் பொறியாளருக்கே தாம் கேட்டதைச் சரியாக எழுதிவைக்க முடியவில்லை. “இதமான”, “விரிந்த”, “உயிருள்ள” என்று அடுக்குபவர்களைப் பற்றி என்ன சொல்ல! அதே கட்டுரை இன்னொன்றும் சொன்னது: இது வழக்கமில்லாத ஸ்பீக்கர், நீங்களே கேட்டுப் பாருங்கள், புதுமை மயக்கம் தெளிந்த பிறகும் பிடிக்கும் என்று உறுதியானால் மட்டும் காசைப் போடுங்கள். அந்த ஆலோசனையை எந்த நீதிமன்றமும் குறை சொல்லியிருக்க முடியாது.

சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வரைபடம் வேண்டும். ஸ்பீக்கரைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒருமுறை சுற்றிச்சுற்றி 70 இடங்களில் அளந்து ஒரே படமாக்குவது ஸ்பினோரமா எனப்படும். டூல், ஆலிவ் வழிவந்த இந்த முறை இன்று அமெரிக்கத் தொழில் தரம். ஜெர்மனியின் கிளிப்பல் நிறுவனக் கருவி வந்த பிறகு, எதிரொலி இல்லாத பெரிய அறை கட்டாமலே இதை அளக்க முடிகிறது. ஆடியோ சயின்ஸ் ரிவ்யூ, எரின்ஸ் ஆடியோ கார்னர் போன்றவை மலிவு ஸ்பீக்கர்களையும் அதில் ஏற்றி அளந்து வெளியிடுகின்றன. படத்தைப் படிக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டாம். நேரெதிர்க் கோடு 300 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறக்குறைய சமமாக ஓடுகிறதா? பக்கவாட்டுக் கோடுகள் வலப்புறம் போகப்போக மேடுபள்ளமின்றிச் சீராக இறங்குகின்றனவா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த ஸ்பீக்கர் எந்த அறையிலும் பெரிய தப்புச் செய்யாது. 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை மேடு தெரிந்தால், நம் டைல்ஸ் அறையில் பெண் குரல் உறுத்தும்.

அளவீடு எல்லாவற்றையும் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. ஹம், ஃபேன் சத்தம், ஆப் திணறுவது, வால்யூமைக் குறைத்தால் சேனல் ஒன்று அமுங்குவது, இவையெல்லாம் கூடவே வாழ்ந்தவர் எழுதினால்தான் தெரியும். வரைபடக்காரர் கண்டுகொள்ளாத இடத்தில் பழைய பாணி விமர்சகர் கைகொடுப்பார்.

பாயில் உட்கார்ந்திருப்பவர்கள்

படத்தின் வசனத்தில் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. குறைந்த விலை செட்களில் பலவற்றின் சென்டர், நடுவில் ட்வீட்டரும் இருபக்கம் வூஃபருமாகப் படுக்கவைத்த பெட்டி. நேரெதிரே உட்கார்ந்தவருக்கு இரண்டு வூஃபரின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும். பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்து, குரலுக்கு உயிரான சில அதிர்வெண்களை ஒன்றையொன்று அழித்துவிடும். விமர்சகர் தனியாளாக நட்டநடுவில் உட்கார்ந்து கேட்டு, வசனம் தெளிவு என்று எழுதுகிறார். நம் வீட்டில் நடுச் சோபாவில் ஒருவர், ஓர நாற்காலியில் பாட்டி, தரையில் பாய் போட்டுப் பிள்ளைகள். பாட்டி “என்னடா சொன்னான்?” என்று கேட்பதற்குக் காது மட்டும் காரணமில்லை.

இதை வரைபடம் காட்டிக்கொடுக்கும். 20, 30 பாகைக் கோடுகள் நடுப்பகுதியில் பள்ளத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். வரைபடம் இல்லையென்றால், ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தும் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் அமைந்த மூன்று வழிச் சென்டருக்கு இந்தக் கோளாறு மிகக் குறைவு, விலைதான் ஏறும். தரையில் உட்கார்பவர்களுக்கு ட்வீட்டர் காதுக்கு மேலே போய்விடுவதால், செங்குத்துக் கோணத்தில் எப்படி ஒலிக்கிறது என்பதும் நமக்கு வேண்டும். வெளிநாட்டு விமர்சனத்தில் இதற்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்காது.

விமர்சகர் கைக்கு எட்டாதவை

சில வாரம் வைத்திருந்தவரால் சில வாரத்தில் தெரிவதைத்தான் சொல்ல முடியும். 2020-இல் டெனான், மரான்ட்ஸ், யமஹா நிறுவனங்களின் புதிய ரிசீவர்கள் எச்டிஎம்ஐ 2.1 வசதியோடு வந்தன. அக்டோபரில் ஒரு ஜெர்மன் கணினி இதழ், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலிருந்து 4கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஆர் படத்தை அந்த ரிசீவர்கள் வழியே அனுப்பினால் திரை கறுத்துப் போகிறது என்று கண்டறிந்து எழுதியது. உள்ளே இருந்த சிப்பில் கோளாறு. எக்ஸ்பாக்ஸ் கடைக்கு வந்ததே நவம்பரில்தான்; அதற்கு முன் ரிசீவரைச் சோதித்தவர்கள் கையில் அதைச் சோதிக்கப் பொருளே இல்லை. பிறகு ஒரு தரப்பு அடாப்டரும் இன்னொரு தரப்பு போர்டு மாற்றமும் கொடுத்துச் சமாளித்தது. வெளியான வாரத்து விமர்சனத்தோடு நிறுத்தாமல் ஆறு மாதம் கழித்து வந்ததையும் தேட இதுவே போதுமான காரணம். பழைய மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. குறைகள் வெளியே வந்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும்.

வெப்பம், உப்புக்காற்று, மின்னழுத்தம், இடி இவற்றை எந்த லண்டன் விமர்சகரும் சோதிக்கப் போவதில்லை. ரிசீவர் மேல்தட்டு கைவைக்க முடியாதபடி சுட்டது என்று அவர் போகிறபோக்கில் எழுதிய வரி, மே மாதச் சென்னையில் மூடிய அலமாரியில் வைக்கப்போகும் உங்களுக்குத் தலைப்புச் செய்தி. சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியில் இருக்கிறதா, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்பதை ஷோரூமில் கேளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், முகவரி கேளுங்கள்.

விலை மதிப்பைப் பற்றிய தீர்ப்பும் பயணம் செய்யாது. நட்சத்திரம் அங்குள்ள விலை வகுப்புக்குள் போட்டது. அங்கே 200 டாலர் வகுப்பில் முதலிடம் பிடித்தது, இறக்குமதியாகி இங்கே வரும்போது 35,000 ரூபாய் வகுப்பில் நிற்கும். அந்த வகுப்பில் அதற்கு வேறு போட்டியாளர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி வாங்கிவரலாம் என்று தோன்றினால், பின்பக்கம் என்ன மின்னழுத்தம் போட்டிருக்கிறது என்று முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சவுண்ட்பார்களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அமெரிக்க ரிசீவர்கள் பெரும்பாலும் 120 வோல்ட் மட்டுமே. நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. வாரன்டியும் கடல் தாண்டாது.

ரிச்சி தெருவிலும் கோவை, மதுரைக் கடைகளிலும் கிடைக்கும் அசெம்பிள்டு 5.1 ஆம்ப்களுக்குத் தொழில்முறை விமர்சனமே கிடையாது. அவற்றை ஒதுக்கத் தேவையில்லை, சில நன்றாகவே உழைக்கும். ஆனால் அங்கே நீங்கள்தான் விமர்சகர். டிரான்ஸ்ஃபார்மரின் ஆம்பியர், ஐசி எண், சிதைவில்லாத பவர் மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடை.

எல்லாம் படித்து, இரண்டு மூன்று மாடலாகச் சுருக்கிய பிறகு, திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். முதல் வாரத்துக்குள் ராத்திரி 11 மணிக்கு, பக்கத்து அறையில் பிள்ளை தூங்கும்போது வைக்கும் வால்யூமில் ஒரு தமிழ்ப் படத்தை ஓடவிட்டு, வசனம் புரிகிறதா என்று ஓர நாற்காலியிலும் தரையிலும் உட்கார்ந்து கேளுங்கள். செய்தி வாசிப்பவர் குரலில் ‘ச’, ‘ஸ’ சீறுகிறதா என்று பாருங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, அறையின் ஓரமெல்லாம் நடந்து, எங்கே நின்றால் பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை மாற்றிவையுங்கள். அதற்குப் பிறகும் தொம்மென்றே இருந்தால் திருப்பிவிடலாம். அட்டைப்பெட்டி, தெர்மோகோல், நெகிழி உறை எதையும் அந்தக் கெடு முடியும்வரை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெட்டி இல்லாமல் கொண்டுபோனால் திருப்பி எடுக்கப் பெரும்பாலான கடைகள் ஒத்துக்கொள்வதில்லை.